வாலிலிருந்து வாசித்த சிஸ்டர்

எனக்குக் காண்டாமிருக நோய் வந்திருக்கிறது என்று நானாகவே முடிவு செய்து, அதை அந்தமானில் சாத்தம் மரம் அறுக்கும் மில் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லியும் வைத்தவன் நான். இதைவிடப் பெரிய முட்டாள்தனங்களும் செய்திருக்கிறேன். அவை வெளியே வரிசையில் நிற்கின்றன. முதலில் இதை முடித்து அனுப்பிவிடுகிறேன்.

போர்ட்பிளேரில் மழைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. மழை ஓய்வெடுக்கும் காலம் என்று கொஞ்சம் உண்டு. மெயின்லேண்டிலிருந்து வந்த முதல் வருஷமே என் மூக்கு ஓடை திறந்துவிட்டது. ஆஸ்பத்திரி டாக்டர் சீட்டில் 'ரைனைட்டிஸ்' என்று எழுதிக் கொடுத்தார். நான் அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். மில்லின் மரக்கிடங்கு ஆபீஸில் கிளார்க். ஆங்கிலத்தில் 'ரைன்' என்று தொடங்கும் சொல் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும், ரைனோசரஸ். அதற்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படமும் போட்டிருந்தார்கள். குவார்ட்டர்ஸுக்கு வந்து கண்ணாடியில் மூக்கைப் பக்கவாட்டில் பார்த்தேன். லேசாகப் புடைத்திருந்த மாதிரிதான் பட்டது. மெஸ்ஸில் கூடச் சாப்பிடும் தெலுங்குக்காரர் என் முழங்கையைத் தடவிப் பார்த்து, "தோலு கூடக் கொஞ்சம் கெட்டியாத்தான் உண்டு பாபு" என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் இல்லை. ஊசி குத்தும் அறையில் ஒரு சிஸ்டர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்று வாயைத் திறந்ததுமே தெரிந்தது. சீட்டை நீட்டி, குரலைத் தாழ்த்தி, "இது முத்திப் போனா கொம்பு வருமா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. இன்றுவரை எனக்கு ஆச்சரியம் அதுதான். சீட்டை மேஜையில் வைத்து, சொல்லின் பின்பாதியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கட்டைவிரலால் மூடினார்.

"வாலை முதல்ல பாருங்க. ஐட்டிஸ். எங்கே இந்த வால் தொங்குனாலும் அங்கே ஏதோ ஒண்ணு செவந்து வீங்கிக் கிடக்குன்னு அர்த்தம். இப்பம் தலைக்கு வாங்க. ரைன்னா மூக்கு. அம்புட்டுதான். அந்த மிருகத்துக்கு மூக்குல கொம்பு, அதனால அதுக்கு அந்தப் பேரு. உங்களுக்கு மூக்கு மட்டுந்தான் இருக்கு. போய் ஆவி பிடிங்க."

அப்படித்தான் எனக்கு அவர் பழக்கமானார். பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். டியூட்டி பலகையில் எழுதியும் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை. தீவு முழுக்க அவர் 'சிஸ்டர்'தான். வேறு சிஸ்டர்களைச் சொல்ல வேண்டுமென்றால்தான் பெயர் சேர்த்துச் சொல்வார்கள்.

ஒல்லியான ஆள். வெள்ளைப் புடவை, ரப்பர் செருப்பு, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. முகத்துக்குத் தாராளமாகப் பவுடர் போடுவார். அது ஒன்றுதான் அவரிடம் நான் கண்ட ஆடம்பரம். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் அன்னாசி போட்டிருந்தார். பழுத்ததை யாருக்கும் சும்மா கொடுத்ததில்லை, விற்கவும் மாட்டார். "வந்து பறிச்சுக்கிடுங்க, முள்ளு குத்தும்" என்பார். குத்தும்தான்.

ஆனால் அவரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் சொற்களை உடைக்கும் அந்தப் பழக்கத்தில்தான் வந்து நிற்பார்கள். நோயின் பெயர் தெரியாமல் ஒருத்தன் தன் வார்டில் படுத்திருப்பதை அவரால் பொறுக்க முடியாது. கட்டில் கட்டிலாகப் போய், சீட்டில் இருக்கும் பெயரை வாலிலிருந்து தொடங்கித் துண்டு துண்டாகக் கழற்றிச் சொல்வார். அதோடு விடமாட்டார். திருப்பிச் சொல்ல வைப்பார். "பேரு தெரியாத ஆளை வீட்டுக்குள்ள விடுவியளா? உடம்புக்குள்ள மட்டும் விடலாமோ?"

அந்த வார்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு கட்டிலில் வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய விவசாயி, அடுத்ததில் ராஞ்சிக்காரர், அதற்கடுத்து மலையாளி, தெலுங்கு மீனவர், நிக்கோபார்க்காரர், நடுவில் மலேரியாவில் நடுங்கிக்கொண்டு நான். எல்லோருக்கும் பொதுவாக ஓர் அரைகுறை ஹிந்தி. அதில் வயிற்றுவலி என்று சொல்வதற்குள் வயிற்றுவலி நின்றுவிடும். ஒருநாள் சிஸ்டரிடம், "ஏன் சிஸ்டர், இந்த கிரேக்கம் லத்தீனெல்லாம் நமக்கெதுக்கு?" என்றேன்.

"இந்த வார்டுல தமிழ் பேசுனா வங்காளிக்கு வருத்தம், வங்காளம் பேசுனா மலையாளிக்கு வருத்தம். இது மட்டுந்தான் எல்லாருக்கும் ஒண்ணு போலத் தெரியாது" என்றார். "சண்டையே வராது."

வந்தது. யானை விஷயத்தில்.

காட்டிலாகாவில் மரம் இழுக்கும் யானைகளுக்கு மாவுத்தாக, அதாவது பாகனாக, இருந்த ஒரு ராஞ்சிக்காரர், ஒரு கால் மட்டும் தூண்போல் வீங்கி வந்து சேர்ந்தார். சிஸ்டர் வழக்கம்போல் பெயரை உடைத்தார். எலிஃபன்டியாசிஸ்: வால் நோய், தலை யானை. மாவுத் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மேரா ஹாத்தி நே க்யா கியா?" என் யானை என்ன செய்தது என்று ஒரே சத்தம். தன்னுடைய யானை பிறந்ததிலிருந்து சுத்தமானது, தினமும் தேய்த்துக் குளிப்பாட்டுகிறேன், அதன் மேல் இப்படிப் பழி போடுவதா என்று கண் கலங்கிவிட்டார். சிஸ்டர் கட்டிலருகே உட்கார்ந்து, கொசுதான் காரணம், யானைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கால் அப்படித் தெரிவதால் எவனோ வைத்த பெயர் என்று வெகு நேரம் சமாதானம் சொன்னார். நோயாளியை இப்படிச் சமாதானப்படுத்தி நான் பார்த்ததே இல்லை. யானை சார்பாகத்தான் செய்தார் என்று நினைக்கிறேன்.

எதிர்க்கட்டிலில் இருந்த வங்காளி விவசாயிக்குக் காட்டு ஆவி பிடித்திருக்கிறது என்று வீட்டார் தீர்மானம். இடது விலாவுக்குக் கீழே கல்போல ஒன்று. சிஸ்டர் விரலை வைத்து, "ஸ்ப்ளீனோ, மண்ணீரல். மெகாலி, பெருசு. மலேரியா பெருசாக்கிடுச்சு. ஆவியெல்லாம் இந்தச் சொல்லுக்குள்ள இல்லை, இடமும் இல்லை" என்று ஹிந்தியில் சொன்னார். விவசாயிக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. குணமாகி ஊர் போனதும், சர்க்கார் கொடுத்த எருமைகளில் பெருத்ததற்கு மெகாலி என்று பெயர் வைத்துவிட்டார். ஒருமுறை அவர் குடியிருந்த சிப்பிகாட் பக்கம் போனபோது, வயல் வரப்பில் நின்று அவர் "மெகாலி! ஓ மெகாலி!" என்று கூப்பிட, அது திரும்பிப் பார்த்ததை நானே கண்டேன்.

மீன் வாங்கப் போனாலும் விடமாட்டார். கடைக்காரன் நீட்டிய மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "நெக்ரோசிஸ்" என்றார் ஒருநாள். செத்து அழுகியது என்று அர்த்தம். "நஹி நஹி சிஸ்டர், சுர்மாய் ஹை!" என்றான் அவன், தன் வஞ்சிர மீனின் ஜாதியையே மாற்றிவிட்டார்களே என்ற பதற்றத்தில்.

இவ்வளவும் சிரித்துக்கொண்டு சொல்கிறேன். ஆனால் அவரிடம் எனக்கு ஒரு பயமும் இருந்தது.

வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான தெலுங்கு மீனவர் இருந்தார். தொண்டையில் ஏதோ. அவரும் கேட்டார், இவரும் உடைத்தார். கார்சினோமா. ஓமா, கட்டி. கார்சின், நண்டு. நண்டு பிடித்தால் விடாது அல்லவா, அதனால் அந்தப் பெயர் என்றார். பெரியவர் சிரித்தார். ஆயுசு முழுக்க நான் நண்டைத் தின்றேன், இப்போது அதன் முறை என்றார். பிறகு மெதுவாக, "டீக் ஹோ ஜாயேகா?" என்று கேட்டார். சரியாகிவிடுமா?

சிஸ்டர் அவர் முகத்தை நேராகப் பார்த்து, "ஓ நாம் மே நஹி ஹை" என்றார். அது பேரில் இல்லை.

எத்தனையோ பேர் அவரிடம் அதைக் கேட்டிருக்கிறார்கள்; எல்லோருக்கும் அவர் பதில் அதுதான். தமிழனுக்குத் தமிழில், "அது பேர்ல இல்லை." உறுப்புக்குத் துண்டு உண்டு, வீக்கத்துக்கு உண்டு, வெட்டுக்கு உண்டு, நிறத்துக்குக்கூட உண்டு, 'பயப்படாதே' என்பதற்கு அந்த பாஷையில் துண்டு இல்லை போலிருக்கிறது. இல்லாததை அவர் சேர்க்கமாட்டார்.

பெரியவர் வீட்டுக்குப் போய், படகையும் வலையையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். மூத்த மகன் வார்டுக்கே வந்து ஹிந்தியில் கத்தினான். "எதுக்குச் சொன்னே? சொல்லாம இருந்தா நிம்மதியா இருந்திருப்பார்ல?" சிஸ்டர் கையில் இருந்த ட்ரேயைக் கீழே வைத்துவிட்டு அவன் முடிக்கும்வரை நின்றார். பிறகு, "அவிய கேட்டாவ. சொன்னேன்" என்றார். அவனுக்கு அந்தத் திருநெல்வேலித் தமிழ் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது, பிடிக்கவில்லை. கல்நெஞ்சு என்று அன்று நினைத்தேன்.

இந்தப் பயத்தை உள்ளே வைத்துக்கொண்டுதான், பிற்பாடு என் சொந்த விஷயத்தில் அவர் எதிரே போய் நின்றேன்.

அதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. செண்பகம் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து இறங்கினாள். வந்த புதிதிலேயே சிஸ்டரோடு சிநேகம் பிடித்துவிட்டாள். அன்னாசி முள் குத்தாமல் பறிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கல்யாணமாகி மூன்றாவது வருஷமும் வீட்டில் தொட்டில் இல்லை. ஊரிலிருந்து என் அம்மா, கப்பல் ஏறினவளுக்கு வயிறு எப்படி நிறையும் என்று கேட்டு எழுதியிருந்தாள். நான் அதைச் செண்பகத்திடம் சொல்லவில்லை. சொல்லாமலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு நாள் காலையில், அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே சுருண்டு உட்கார்ந்தாள். அடிவயிற்றில் ஒரு பக்கம். நான் பித்தம் என்று தீர்மானித்து, இஞ்சி தட்டப் போனேன். அம்மியை இழுத்து வைப்பதற்குள் அவள் முகம் சாம்பலாகிவிட்டது. மில் ஜீப்பில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் ஒரு வங்காளி. நல்ல மனிதர், பேச்சுக் குறைவு. பரிசோதித்துவிட்டு ஒரு காகிதத்தில் எழுதி, சீக்கிரம் கையெழுத்துப் போடு, தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆபரேஷன் என்றால் பெண்ணுக்குப் புருஷன் கையெழுத்து வேண்டும். அன்று அதுதான் வழக்கம். காகிதத்தைப் பார்த்தேன். இரண்டு சொல். நான்தான் சிஸ்டரின் சீடனாயிற்றே, வாலிலிருந்து தொடங்கினேன். எக்டமி. அது எனக்குத் தெரியும்: வெட்டி வெளியே எடுத்துவிடுவது. அதற்கு முன்னால் ஊஃபோர் என்று ஒன்று. தெரியவில்லை.

சிஸ்டர் வேகமாக வந்தார். குறுக்கே போய் நின்றேன்.

"சிஸ்டர், ஊஃபோர்னா?"

"முட்டை சுமக்கிற பை. குழந்தைக்கான முட்டை. முறுக்கிக்கிட்டு நிக்கி, அதை எடுக்கணும்."

"சிஸ்டர், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இதை மட்டும் அவகிட்ட உடைச்சுடாதீங்க. அப்பெண்டிக்ஸ்னு சொல்லிடுங்க."

"அவங்க கேட்டா சொல்லுவேன்."

"கேக்காட்டி?"

"கேப்பாங்க." உள்ளே டாக்டர் கூப்பிட்டார். அவர் போகிற போக்கில் திரும்பி, "இருங்க, முன்னால இன்னொரு வார்த்தை கிடக்கு. வந்து சொல்லுதேன். கையெழுத்துப் போட்டு வைங்க" என்றார்.

நான் இருந்திருக்க வேண்டும். முன்னால் கிடந்த அந்த வார்த்தையை நானே பார்த்திருக்கலாம். அதைப் படிக்க ஒன்றும் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் 'முட்டை', 'வெட்டி' என்ற இரண்டும் மண்டைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டன. இனி என் வீட்டில் தொட்டில் கிடையாது. அதற்கு நானே கையெழுத்துப் போட வேண்டும். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒருத்தன் தனியாக முடிவு செய்யலாமா? எங்கள் ஊரில் மாடு வாங்கவே நாலு பேரைக் கேட்பார்கள்.

இங்கே ஒரு தீவு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் ஒற்றையாளாகக் கப்பலேறி வந்தவர்கள். சித்தப்பா, மாமா என்று யாரும் பெட்டியில் வரவில்லை. அதனால் நம் தாலுகாவுக்குப் பக்கத்துத் தாலுகாவிலிருந்து வந்த, நம்மைவிட நரைத்த எவரும் மாமாதான். பெண் பார்க்க, பஞ்சாயத்துப் பேச, காது குத்த எல்லாவற்றுக்கும் அவர். எனக்கு வாய்த்த மாமா மன்னார்குடிக்காரர். கடலுக்கு எதிர்க்கரையில் பம்பூஃப்ளாட்டில் கூலியாள் சப்ளை செய்துகொண்டிருந்தார். ரத்த சம்பந்தம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது.

காகிதத்தைப் பெஞ்சியிலேயே வைத்துவிட்டேன். "பம்பூஃப்ளாட் போய் மாமாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று ஆயாவிடம் சொன்னேன். சாத்தம் படகுத்துறை ஜெட்டிக்கு ஓடி, ஃபெர்ரி ஏறினேன். பெண்டாட்டி உயிருக்குப் போராடும்போது கடல் தாண்டிப் போய் மன்னார்குடிக்காரரிடம் அனுமதி கேட்ட புருஷன் தமிழ்நாட்டில் யாரும் இருந்திருக்க முடியாது. அங்கே இத்தனை வசதியாக ஃபெர்ரி கிடையாது.

மாமா எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"வம்சம்டா இது! நீ பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுடுவியா? உங்கப்பாவுக்குத் தந்தி அடிச்சுக் கேளு."

"தந்தி போயிப் பதில் வர நாளாகுமே மாமா. உயிருக்கு ஆபத்துங்கறாங்க."

"அப்ப இரு, குளிச்சுட்டு வந்துடறேன்."

அவர் சீயக்காய் போட்டுத் தலை அலசி, வேட்டி மாற்றி, திருநீறு பூசி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால், எதிரே சாத்தம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் திரைதான் தொங்கியது. ஃபெர்ரியை நிறுத்திவிட்டார்கள். ஜெட்டித் தகரத்தின் கீழே நின்றுகொண்டு எதிர்க்கரையைப் பார்த்தேன். அங்கே அவள் இருந்தாள். இங்கே நானும், பக்கத்தில் வேட்டி நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மாமாவும். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று அப்போதுதான் உறைத்தது. நீந்தலாமா என்றுகூட நினைத்தேன். எனக்கு நீச்சல் தெரியாது.

அந்த நேரத்தில் வார்டில் நடந்ததை ஆயாவும் செண்பகமும் பிற்பாடு சொன்னார்கள்.

சிஸ்டர் திரும்பி வந்து பெஞ்சியைப் பார்த்திருக்கிறார். காகிதம் இருக்கிறது, ஆள் இல்லை. ஆயா, "பாபு பம்பூஃப்ளாட் கயா" என்றிருக்கிறாள். சிஸ்டர் காகிதத்தை எடுத்துக்கொண்டு செண்பகத்தின் கட்டிலுக்குப் போனார்.

"எனக்கு என்ன சிஸ்டர்?" என்று இவள் கேட்டாள். கேட்டேவிட்டாள்.

சிஸ்டர் வாலிலிருந்து தொடங்கினார். வெட்டி எடுப்பது. முட்டை சுமக்கும் பை. இவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு எனக்காகக் கிடந்து நான் எடுத்துக்கொள்ளாமல் போன அந்த முன்வார்த்தை. யூனிலாட்டரல்.

"யூனி, ஒண்ணு. லாட்டரல், பக்கம். ஒரு பக்கத்துப் பையை மட்டும் எடுப்பாங்க."

"அப்ப மறுபக்கம்?"

"அது அங்கேயே இருக்கும்."

"அப்ப எனக்குக் குழந்தை பொறக்குமா சிஸ்டர்?"

"அது பேர்ல இல்லை, தாயி."

செண்பகம் கையை நீட்டினாள். "பேனா குடுங்க" என்றாள்.

டாக்டர் தயங்கினார். புருஷன் இல்லாமல் எப்படி, நாளைக்கு ஏதாவது ஆனால் வீட்டார் வந்து கேட்பார்களே என்றார். அவர் மேல் தப்பில்லை. அந்த மீனவர் மகன் கத்தியதை அவரும்தான் பார்த்திருந்தார். சிஸ்டர் அவரோடு வாதம் செய்யவில்லை. "அந்தப் பேரை இவங்களைச் சொல்லச் சொல்லுங்க டாக்டர். இவங்க சொன்னா நீங்க பேனாவைக் குடுங்க. சொல்லலைன்னா புருஷன் வரட்டும்" என்று ஹிந்தியில் சொன்னார்.

என் செண்பகம் படித்தது எட்டாம் வகுப்பு. வலி வந்து வந்து வயிற்றைப் பிடுங்குகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு பக்கம், முட்டைப் பை, வெட்டி எடுக்கிறது என்று தமிழில் அர்த்தமும் சேர்த்து, முழுப் பெயரையும் சொல்லி முடித்தாள். தமிழ் தெரியாத டாக்டர் தன் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கழற்றிக் கொடுத்தார்.

மழை விட்டு, முதல் ஃபெர்ரியில் தொற்றி, நானும் மாமாவும் வார்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சிஸ்டர் வெளியே வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முன்னால் போய்த் தொண்டையைச் செருமினார்.

"பெரியவங்கிற முறையில சொல்றேன். இந்த ஆபரேஷனுக்கு நாங்க சம்மதிக்கலை."

"முடிஞ்சாச்சு. நல்லா இருக்காங்க."

மாமா ஒரு கணம் யோசித்தார். "அப்ப சம்மதிக்கிறோம்" என்றார்.

உள்ளே போனேன். செண்பகம் பாதி மயக்கத்தில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன். "ஒண்ணு இருக்குங்க" என்றாள். என்ன ஒன்று என்று எனக்கு விளங்கவில்லை. தலைமாட்டில் இருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். இந்த முறை தலையிலிருந்து வாசித்தேன்.

அதற்கப்புறம் மில்லில் என் மானம் கப்பலேறியது, மெயின்லேண்டுக்கே போயிருக்கும். மரம் அறுக்கிறவர்கள் என்னைப் பார்த்தால், "என்ன கிளார்க் பாபு, இன்னிக்கு ஃபெர்ரி உண்டா?" என்பார்கள். மாமா தானும் கூட வந்ததை ஒரு வீரகதையாகச் சொல்லித் திரிந்தார். செண்பகம் வாரத்துக்கு ஒரு முறையாவது, சாம்பாரில் உப்பு குறைவு என்று நான் சொல்லும் நாட்களில் குறிப்பாக, பம்பூஃப்ளாட்டை நினைவுபடுத்தினாள். சிஸ்டர் மட்டும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்டால், "மூக்கு எப்படி இருக்கு?" என்பார். அவ்வளவுதான்.

சில வருஷங்கள் கழித்து எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். தன்னுடைய சம்மதம் பலித்துவிட்டது என்று மாமா சர்க்கரை வாங்கிக்கொண்டு வந்தார். சிஸ்டர் குழந்தையைத் தலைகீழாகத் திருப்பி, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு வியாதியும் இல்லை, உடைக்கதுக்கு ஒண்ணும் இல்லை" என்று செண்பகத்தின் மடியில் போட்டார். ஏமாற்றமாகச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் அவர் ஜன்னல் பக்கம் போய் வெகு நேரம் நின்றதாகச் செண்பகம் சொல்கிறாள். நான் கவனிக்கவில்லை. நான் எதைத்தான் ஒழுங்காகக் கவனித்தேன்!

பெண் நடக்கப் பழகிய பிறகு ஒரு நாள் சிஸ்டர் மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போனார். ஒரு டிரங்குப் பெட்டி, குடை, கயிறு கட்டிய ஒரு சாக்கில் அன்னாசிக் கன்றுகள். திருநெல்வேலி மண்ணில் அது வருமா என்று கேட்டதற்கு, "வராட்டிப் போகட்டும்" என்றார். ஜெட்டியில் கூட்டம். எத்தனையோ பாஷையில் எத்தனையோ பேர் அவரிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். செண்பகம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெண்ணை இடுப்பில் தூக்கி வைத்து, கப்பலைக் காட்டப் போய்விட்டாள்.

நானும் அவரும் தனியாக நின்றோம். கப்பல் சங்கு ஊதியது. இப்போது விட்டால் இனிக் கேட்க முடியாது என்று தோன்றியது. அத்தனை வருஷமாக உள்ளே உறுத்திக்கொண்டிருந்ததைச் சிரிப்பு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"சிஸ்டர், அன்னிக்கு அந்த முதல் வார்த்தையை மட்டும் எனக்குச் சொல்லியிருந்தா நான் அந்தப் பாடு பட்டிருக்க மாட்டேனே. ஜெட்டிக்கு என் பின்னாடியே ஒரு ஆளை அனுப்பி மிச்சத்தைச் சொல்லியிருக்கலாமில்ல?"

சிஸ்டர் குடையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேஷன்ட் நீங்க இல்லையே, தம்பி."